கோயில் டியூப்வெல்லுக்கு ஆர்.ஓ. போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் (நிபோங் திபால்)

கோயில் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கில் நிபோங் திபால் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக் கோயிலில் நான் பொருளாளர். தோட்டத்தை விற்று வருஷக்கணக்கு ஆகிறது, லயங்கள் எல்லாம் இடிந்து செம்பனை ஏறிவிட்டது, கோயிலும் சுற்றிக் கொஞ்சம் வீடுகளும்தான் மிச்சம். குழாய்த் தண்ணி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வருவது ஒற்றை அரை அங்குலக் குழாயில். திருவிழா அன்று சமையல் ஒரு பக்கம், கால் கழுவ ஒரு பக்கம், கழிப்பறை ஒரு பக்கம் என்று திறந்தால் எங்கேயும் தண்ணி வராது. அதனால் போன தலைவர் காலத்தில் டியூப்வெல் இறக்கினார்கள். அந்தத் தண்ணி வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் பழுப்பாகிவிடும்.

இப்போது ஒரு கம்பெனிக்காரர் வந்து மணிக்கு 1,000 லிட்டர் ஆர்.ஓ. மெஷின் (தண்ணியை ஒரு சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி உப்பை நிறுத்துவது) 36,000 வெள்ளி என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கமிட்டி முன்னால் இரண்டு கம்பி உள்ள ஒரு கருவியைக் குழாய்த் தண்ணியில் விட்டு சுவிட்ச் போட்டார், ஒரு நிமிஷத்தில் தண்ணி சாக்கடை நிறமாகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணியில் விட்டார், ஒன்றுமே ஆகவில்லை. தலைவர் அப்போதே கையெழுத்துப் போடத் தயார். நான்தான் பொறுங்கள் என்றேன். போடலாமா?

வெட்டிப்பேச்சு

36,000 வெள்ளிக்கு சிதம்பரத்தில் இருந்தே தீர்த்தம் வரவழைக்கலாம் அண்ணே.

லேப் பொண்ணு

முதலில் அந்தக் கம்பி வித்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எங்கள் தாமானிலும் (வீடமைப்புப் பகுதி) இதைக் காட்டித்தான் பாதி வீட்டில் மெஷின் விற்றார்கள். ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். தண்ணியில் கரைந்த உப்பு கொஞ்சம் இருந்தால் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் பிரியும். நீங்கள் பார்த்த சாக்கடை நிறம் அந்தக் கம்பியில் இருந்து வந்தது, தண்ணியில் இருந்து வரவில்லை. ஆர்.ஓ. தண்ணியில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடாது, அதனால் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணியில் ஒரு சிட்டிகை சமையல் உப்புப் போட்டு அதே கருவியை விடச் சொல்லுங்கள், அதுவும் அதே நிறத்துக்கு மாறும்.

அதற்காக ஆர்.ஓ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழாய்த் தண்ணிக்கு வேண்டாம். உங்கள் டியூப்வெல் கதை வேறு, உப்புக் கரிக்கிறது என்கிறீர்கள், கரைந்த உப்பை எடுக்க ஆர்.ஓ.வை விட்டால் உங்கள் அளவுக்கு நடைமுறையில் வேறு வழி கிடையாது. டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு வகைகளின் மொத்தம், எவ்வளவு, இரும்பு, மாங்கனீஸ், குளோரைடு எவ்வளவு என்று தெரிந்தால் பேசலாம். கம்பெனிக்காரர் லேப் ரிப்போர்ட் ஏதாவது கொடுத்தாரா?

கோயில் கணக்கு

ரிப்போர்ட் இல்லை தங்கச்சி. பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டுப் பார்த்தார், 1,800 சொச்சம் காட்டியது. அதை மட்டும் கொட்டேஷனில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

மில் மாமா

நான் செம்பனை மில்லில் பாய்லர் தண்ணி, கழிவுக் குட்டை இரண்டையும் பார்க்கிறவன். இந்த ஊர் மண்ணும் தெரியும், இந்த ஊர்த் தண்ணியும் தெரியும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேனா மீட்டர் இரும்பைக் காட்டாது தம்பி. அது மின்கடத்தலை அளந்து ஒரு பெருக்கல் போட்டு எண் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் தண்ணியில் முக்கியமான சேதி எது தெரியுமா, ராத்திரி வைத்தால் பழுப்பாகிறது என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதுதான். பூமிக்குள் காற்று இல்லாத இடத்தில் இரும்பு கரைந்து நிற்கும், அப்போது தண்ணி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிந்து அடியில் தங்கும். இந்த வேலை வாளிக்குள் நடந்தால் வாளியைக் கழுவிவிடலாம். மெம்பிரேனுக்குள், அதாவது ஆர்.ஓ.வின் சவ்வுக்குள், நடந்தால்?

ஆர்.ஓ. மெம்பிரேன் எப்படி இருக்கும் என்று உள்ளே அறுத்துப் பார்த்தவர்கள் குறைவு. பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி மெல்லிய தாள்களைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டியிருப்பார்கள், தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு வலை, அந்த வலையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தண்ணி அந்த இடுக்கில்தான் ஓடணும். துருச் சேறு அங்கே போய் உட்கார்ந்தால் விரலும் போகாது, பிரஷும் போகாது, ஆசிட் ஓட்டித்தான் கழுவணும், அதுவும் ஓரளவுக்குத்தான் விடும். காற்றுப் பட்ட தண்ணியாக இருந்தால் ஆர்.ஓ.வுக்குப் போகும் முன்னால் இரும்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கணும் என்பது மெம்பிரேன் செய்கிறவர்கள் சொல்லும் கணக்கு. நம் பக்கத்து டியூப்வெல்லில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் சாதாரணமாக வரும்.

அதனால் கம்பெனிக்காரரிடம் மெஷின் விலையைக் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மெம்பிரேனுக்கு முன்னால் என்ன வைக்கிறாய்? மெம்பிரேன் தள்ளிவிடும் உப்புத் தண்ணியை எங்கே விடுவாய்? நீ போன பிறகு வாராவாரம் யார் கழுவுவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஆர்.ஓ. எல்லாம் நான் பார்த்தவரைக்கும் ஸ்டோரில்தான் முடிந்திருக்கிறது.

கிரியான் கரை

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் தாமானில் இருக்கிறேன், குழாய்த் தண்ணிதான். 2024 ஜனவரியில் பெரிய வால்வு மாற்றுகிறோம் என்று நாள்கணக்கில் தண்ணி நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு எப்போது தண்ணி நின்று திரும்ப வந்தாலும் கொஞ்ச நேரம் டீத் தண்ணி நிறத்தில் வருகிறது. வீட்டுக்காரி ஆர்.ஓ. வாங்கலாம் என்கிறாள். பாசாரில் காசு போட்டுப் பிடிக்கிற மெஷின் தண்ணியைத்தான் இப்போது குடிக்கிறோம்.

லேப் பொண்ணு

கிரியான் கரை அண்ணே, மீட்டர் இருந்தால் உங்கள் குழாயை அளந்து பாருங்கள். என் வீட்டில் 60ஐ ஒட்டி இருக்கிறது. ஆற்றுத் தண்ணி, மழைத் தண்ணி, அதில் உப்பு எங்கே இருக்கப் போகிறது? டி.டி.எஸ். 600க்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல், 500க்குக் கீழே இருக்கும் ஊர்களில் வீட்டு ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு போட்டது, காரணம் ஒரு லிட்டர் நல்ல தண்ணி எடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறது வீட்டு மெஷின்.

உங்கள் பிரச்சினை உப்பு இல்லை, குழாயில் படிந்திருந்த துருவும் சேறும் கலங்கி வருவது. அதற்கு மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மணல் ஃபில்டர், குடிக்கும் குழாயில் ஒரு யு.எஃப். போதும். யு.எஃப். என்பது அல்ட்ராஃபில்ட்ரேஷன், நூடுல்ஸ் கணக்காக உள்ளே ஓட்டையுள்ள இழைகள் கட்டாக இருக்கும். அதன் சுவரில் உள்ள துளை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) நூறில் ஒரு பங்கு அளவு, பாக்டீரியா அதைவிட ரொம்பப் பெரியது, அதனால் நின்றுவிடும். கரண்ட் வேண்டாம், குழாயில் வரும் அழுத்தமே போதும், கழிவு என்று தனியாக ஓடாது, அவ்வப்போது கீழ் வால்வைத் திறந்து அலசிவிட்டால் சரி. ஆனால் உப்பு ஒரு துளிகூட நிற்காது, அம்மோனியாவும் நிற்காது. ஆற்றில் அம்மோனியா கலந்தது என்று ஜொகூரில் ஆலைகளை மூடினார்களே, அந்த மாதிரி நேரத்தில் யு.எஃப்.பை நம்ப முடியாது.

அப்புறம் ஒன்று. வீட்டு ஆர்.ஓ.வில் மெம்பிரேனுக்கு முன்னால் கரி ஃபில்டர் வைப்பது தண்ணிக்காக மட்டும் இல்லை. இப்போதைய மெம்பிரேன் பாலிஅமைடு, குளோரின் பட்டால் அரித்துவிடும். அதனால் கரியை வைத்துக் குளோரினை எடுக்கிறார்கள். எடுத்த பிறகு அந்தத் தண்ணியைச் சின்னத் தொட்டியில் நாள்கணக்கில் தேக்கினால் கிருமி வளர்வதைத் தடுக்க அதில் ஒன்றும் கிடையாது. கரி மாற்றாமல் விட்ட வீட்டு மெஷினை விட நேராகக் குழாயில் பிடித்துக் காய்ச்சிய தண்ணியைக் குடிப்பேன் நான்.

துவாஸ் ஷிப்ட்

நானும் நிபோங் திபால்தான், இப்போது சிங்கப்பூரில் தண்ணி சம்பந்தப்பட்ட வேலை. உங்களை எல்லாம் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அங்கே 2003இலேயே கழிவுநீரை மைக்ரோஃபில்டர், ஆர்.ஓ., புற ஊதா விளக்கு என்று வரிசையாக விட்டு நியூவாட்டர் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் தேசிய தின அணிவகுப்பில் பிரதமர் கோ சோக் தோங்கே பாட்டிலைத் திறந்து குடித்துக் காட்டினார். கடல்நீர் ஆலை 2005இல் ஒன்று, இப்போது ஐந்து. 2020இல் ஓடத் தொடங்கிய மரீனா கிழக்கு ஆலை மழை பெய்தால் நீர்த்தேக்கத் தண்ணியை எடுக்கும், வறட்சி என்றால் கடல் தண்ணியை எடுக்கும், மேலே புல்வெளி போட்டிருக்கிறார்கள். நம்ம பினாங்கோ மூடா ஆற்றை நம்பி இருக்கிறது, குடிக்கும் தண்ணியில் ஐந்தில் நான்கு பங்கு அதிலிருந்துதான், அந்த ஆறு கெடாவில் இருந்து வருகிறது, கெடா வருஷத்துக்கு 50 மில்லியன் வெள்ளி கேட்கிறது. பேராக் ஆற்றில் இருந்து கொண்டுவரும் திட்டம் பேச்சாகவே கிடக்கிறது. தீவைச் சுற்றிக் கடல், ஒரு ஆலை கட்டினால் என்ன?

பழைய கிராணி

தம்பிக்கு வணக்கம். சிங்கப்பூர் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது, அவர்களுக்கு இடமும் இல்லை ஆறும் இல்லை, ஜொகூரோடு போட்ட 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. நமக்கு அந்த நெருக்கடி இருக்கிறதா? வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. நாடு முழுக்கப் பார்த்தால் சுத்தம் செய்த தண்ணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது, உடைந்த குழாய், திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் என்று. பினாங்கில் அந்தக் கணக்கு மற்ற மாநிலங்களைவிடக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் அதை அடைக்காமல் கடலைக் குடிக்கப் போவது எனக்கு ஏற்கவில்லை. நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது லயத்துக்குக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தண்ணி. வாஷர் தேய்ந்த பைப்பை மாற்ற ஒரு ஆள் இருந்தான், அது அவனுக்கு முழு நாள் வேலை.

துவாஸ் ஷிப்ட்

அதெல்லாம் சரி ஐயா, ஆனால் மூடா வற்றினால்? 1991இல் மலாக்காவில் டுரியான் துங்கால் அணை வற்றியது, 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் ரேஷன். மழை பெய்யும் நாடுதான், பெய்யாத வருஷமும் வரும். கடல் வற்றாதுலா.

மில் மாமா

கடல் வற்றாது, சரி. கரண்ட் பில்?

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அந்த உப்பு தண்ணியைத் தன் பக்கம் இழுக்கும் சவ்வூடு அழுத்தம் கிட்டத்தட்ட 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அதைத் தாண்டித் தள்ளினால்தான் இந்தப் பக்கம் நல்ல தண்ணி சொட்டும், பாதித் தண்ணியை எடுத்த பிறகு மிச்சம் இன்னும் உப்பாகிவிடும், அதனால் ஆலையில் 55, 65 பார் என்று ஓட்டுகிறார்கள். ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் எடுக்க இன்றைய நல்ல ஆலையில் 3இலிருந்து 4 யூனிட் மின்சாரம். இயற்கை விதிப்படி பார்த்தாலே பாதி எடுக்க 1 யூனிட்டுக்குக் கீழே போகவே முடியாது. முன்னெல்லாம் அந்த 3, 4 யூனிட்டைப் போல இரண்டு மடங்கு ஆகும். வெளியே போகும் உப்புத் தண்ணியில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து உள்ளே வரும் கடல் தண்ணிக்குக் கொடுக்கும் கருவி வந்த பிறகுதான் இறங்கியது, அதில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த பொருள் அதுதான், ஒரு பீங்கான் உருளை தண்ணியிலேயே மிதந்து சுற்றுகிறது. யூனிட் 40 காசு என்று வைத்தாலும் கரண்டுக்கு மட்டும் 1,000 லிட்டருக்கு 1 வெள்ளி 40 காசு. ஆலை கட்டிய கடன், மெம்பிரேன், ஆள் கூலி இதில் சேரவில்லை.

கரண்டையும் விடுங்கள். நம் கடற்கரையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்டல் காடு, சேறு, ஆற்று வாயில் தண்ணி எப்போதும் மண் நிறம். வளைகுடா நாடுகளில் கடல் தெளிவாக இருக்கும், அங்கேயே 2008, 2009இல் செம்பாசி வந்து ஆலைகளை மூடினார்கள். பாசி மெம்பிரேனுக்கு முன்னால் உள்ள ஃபில்டரை அடைத்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையில் மெம்பிரேன் கடைசி ஆள். அதற்கு முன்னால் நிற்பவர்கள் சரியில்லை என்றால் அது என்ன செய்யும்?

லேப் பொண்ணு

மாமா சொல்வதில் பாதி சரி, பாதியை எதிர்க்கிறேன். மெம்பிரேன் கடைசி ஆள் என்றால் அந்தக் கடைசி ஆளுக்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்று பாருங்கள். 1950களில் புளோரிடாவில் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள், ஆனால் தண்ணி வந்த வேகத்துக்கு ஒரு டம்ளர் நிறையக் காத்திருக்கணும். 1960ஐ ஒட்டி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர்தான், மேலே மட்டும் மிக மெல்லிய அடர்ந்த தோல், அடியில் பஞ்சு போல ஓட்டை நிறைந்த உடல் என்று ஒரே படலத்தில் இரண்டையும் செய்தார்கள். அதே உப்பு நிற்கிறது, தண்ணி பல மடங்கு வருகிறது. (சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டால் எங்கள் பாட்டிக்குத் திருக்கண்ணபுரம் பெருமாள்தான் ஞாபகம் வருவார். இவர் பிறகு கனடாவில் ஆராய்ச்சி செய்தார்.) 1965இல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சின்ன ஊரில் முதல் ஆலை, அதுவும் கடல்நீருக்கு இல்லை, உங்கள் கோயில் மாதிரி உவர் நிலத்தடி நீருக்குத்தான். 1970களின் கடைசியில் ஜான் கடாட் பாலிஅமைடு தோல் கொண்டுவந்தார், இன்றைக்கும் உலகம் ஓட்டுவது பெரும்பாலும் அதைத்தான். அதன் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. ஜொகூரில் ஸ்கூடாய் யு.டி.எம். பல்கலைக்கழகத்தில் அகமட் பௌசி இஸ்மாயில் தலைமையில் மெம்பிரேனுக்கென்றே ஒரு மையம் வளர்ந்தது. நம்ம ஊரிலேயே யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் செம்பனை மில் கழிவை யு.எஃப்., ஆர்.ஓ. வழியாக விட்டு பாய்லருக்கே திருப்பி அனுப்பும் அளவுக்குத் தண்ணி எடுக்கலாம் என்று 2003இல் காட்டினார்கள், பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மாமா, உங்கள் மில்லில் ஏன் செய்யவில்லை?

மில் மாமா

கேட்டாய் பார் கேள்வி.

மில் கழிவு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. பழக்குலையை ஆவியில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைத் தண்ணி விட்டுப் பிரிக்கிறோம். ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கு மேல் கழிவு வரும், அடர்ந்த பழுப்பு, 80 டிகிரிக்கு மேல் சூடு, புளித்த வாடை. அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணிதான், மிச்சத்தில் லிட்டருக்குச் சில கிராம் எண்ணெய். பி.ஓ.டி. லிட்டருக்கு 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடையில் 200, 300தான் இருக்கும். 1977இல் சட்டம் போட்டு முதலில் 5,000க்கு இறக்கச் சொன்னார்கள், வருஷா வருஷம் இறுக்கி 1984இல் 100 என்றார்கள். பெரும்பாலான மில்கள் அதைக் குட்டைகளில்தான் செய்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டை, மாதக்கணக்கில் கிடந்து பாக்டீரியா தின்று முடிக்கும். மீத்தேன் வரும், சில இடத்தில் அதைப் பிடித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். கடைசிக் குட்டையில் 100க்குக் கீழே வந்த தண்ணிகூட கறுப்புக் காபி நிறத்தில்தான் இருக்கும்.

இந்தக் கடைசிக் குட்டைத் தண்ணியைப் பாய்லருக்குத் திருப்பலாம் என்று எங்கள் மில்லிலும் ஒரு கம்பெனி யு.எஃப்.பும் ஆர்.ஓ.வும் கொண்டுவந்து வைத்தது. பெயர் சொல்ல மாட்டேன். முதல் வாரம் வந்த தண்ணியை மேனேஜர் கண்ணாடி டம்ளரில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார், அவ்வளவு தெளிவு. பிறகு உச்ச விளைச்சல் காலம் வந்தது, மில் இரண்டு ஷிப்டும் ஓடியது, குட்டைக்குக் கொடுக்க வேண்டிய நாள்கள் குறைந்தன, மேலே எண்ணெய்ப் படலம் ஓடியது. எண்ணெய் யு.எஃப். இழையில் பூசிக்கொண்டால் அழுத்தம் ஏறும், தண்ணி இறங்கும். கழுவினால் ஏறும், மறுநாள் இறங்கும். காஸ்டிக் சோடாவிலேயே காசு போனது. கடைசியில் அதை பைபாஸ் போட்டு விட்டார்கள், இன்றைக்கும் கொட்டகையில் நிற்கிறது. யு.எஸ்.எம்.காரர்களின் ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவே இல்லை. அவர்கள் முன்னால் அழுக்கு கட்டியாகத் திரள மருந்து போட்டு, படியவைத்து, கரியில் எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் மெம்பிரேனுக்குள் விட்டார்கள். எங்களுக்கு விற்றவர் அந்தப் பாதியை விட்டுவிட்டு மெம்பிரேனை மட்டும் விற்றார். விலை குறைவாக இருக்கணும் இல்லையா, அதற்காக.

லேப் பொண்ணு

அது மெம்பிரேனின் குற்றம் இல்லையே மாமா. பீங்கான் மெம்பிரேன் இருக்கிறது, சூட்டையும் காஸ்டிக்கையும் தாங்கும், எண்ணெய் ஒட்டினாலும் அடித்துக் கழுவலாம். விலைதான் அதிகம்.

மில் மாமா

விலையைக் கடைசியில் சொன்னாய் பார்.

திருப்பூர் மருமகள்

நான் கல்யாணமாகி இங்கே வந்தவள், பிறந்த ஊர் திருப்பூர். கழிவை எங்கே விடுவாய் என்று மில் மாமா கேட்டதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைத் தண்ணி நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அணைத் தண்ணியை வயலுக்கு விட முடியாமல் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு ஆலைகளில் உயிரியல் தொட்டி, பிறகு ஆர்.ஓ., ஆர்.ஓ. தள்ளும் உப்புநீரை ஆவியாக்கும் இயந்திரம் என்று போட்டுத்தான் திறந்தார்கள். நல்ல தண்ணி பட்டறைக்கே திரும்புகிறது, உப்புநீரையும் சாயம் ஏற்ற மறுபடி எடுக்கிறார்கள். ஆனால் கடைசியில் ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும். ஆர்.ஓ. செலவைவிட ஆவியாக்கும் செலவுதான் அவர்களை அழுத்துகிறது. மெம்பிரேன் உப்பை ஒழிக்காது, ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கும். ஒதுக்கியதை என்ன செய்வது என்பது தனிச் செலவு.

கோயில் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. பேச்சு எங்கெங்கோ போனாலும் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவு வந்தது. லேப் பொண்ணு சொன்னபடி தண்ணியை லேபுக்கு அனுப்பினேன், ரிப்போர்ட் வந்துவிட்டது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்: டி.டி.எஸ். 1,790, குளோரைடு 780, இரும்பு 4.2, மாங்கனீஸ் 0.6. தலைவரிடம் காட்டினேன், எண் எல்லாம் எனக்குத் தெரியாது, நன்கொடையாளர் ஒருவர் பணம் தரத் தயார், மெஷினில் அவர் பெயர் போட வேண்டும் என்கிறார்.

வெட்டிப்பேச்சு

மணல் ஃபில்டரில் பெயர் போட்டால் ஒத்துக்கொள்வாரா?

மில் மாமா

சிரிப்பு இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். இரும்பு 4.2. ஒரு நாள் 5,000 லிட்டர் எடுத்தால் 21 கிராம் இரும்பு. ஒரு மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல், துருவாக மாறும்போது எடை இன்னும் இரண்டு மடங்கு. கம்பெனிக்காரர் வைக்கப் போவது ஒரு பஞ்சு ஃபில்டர்தானே? அது தாங்காது. சளிப் பிடித்தவனுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த கதை.

குளோரைடு 250ஐத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியும், உங்களுடையது மூன்று மடங்கு, அதனால் குடிக்க ஆர்.ஓ. வேண்டும் என்பது உண்மை. ஆனால் எல்லாத் தண்ணிக்கும் ஏன்? கால் கழுவ, கழிப்பறைக்கு, தரை கழுவ உப்பு ஒரு பிரச்சினை இல்லை, கறை பிடிக்கும் இரும்புதான் பிரச்சினை. அதற்கு மேலே ஏற்றித் தட்டுத்தட்டாக விழவிட்டுக் காற்றோட்டம் கொடுத்து, பிறகு மணல் ஃபில்டர். மாங்கனீஸ் வெறும் காற்றுக்குப் படியாது, அதற்கு மாங்கனீஸ் ஆக்சைடு பூசிய மணல் வைக்கணும், கேட்டு வாங்குங்கள். இரும்பை 0.3க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் வாளி பழுக்காது.

மணிக்கு 1,000 லிட்டர் ஆர்.ஓ. போட்டால் மூன்றில் இரண்டு பங்கு நல்ல தண்ணியாக எடுத்தாலும் மிச்சம் 500 லிட்டர் மணிக்கு வெளியே ஓடும், அதில் உப்பு 5,000ஐத் தாண்டியிருக்கும். கோயிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் யாருடைய செம்பனைக்குப் போகிறது? தென்னை என்றால் ஓரளவு தாங்கும். செம்பனைக்காரர் நாளைக்குச் சண்டைக்கு வந்தால் கமிட்டி என்ன சொல்லும்?

பழைய கிராணி

நான் ஒன்று கேட்கலாமா. திருவிழா வருஷத்துக்குச் சில நாள்தான். மற்ற நாள் கோயிலுக்கு எவ்வளவு தண்ணி வேண்டும்? அந்த அரை அங்குலக் குழாய் ராத்திரி முழுக்கச் சும்மாதானே இருக்கிறது. 10,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து ராத்திரியில் நிரப்பினால் அன்னதானத்துக்குக் குழாய்த் தண்ணியே போதாதா?

லேப் பொண்ணு

ஐயா, நாங்கள் எல்லாரும் மெம்பிரேனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், நீங்கள் தொட்டியைச் சொல்லிவிட்டீர்கள். அரை அங்குலத்தில் சுமாரான அழுத்தம் இருந்தாலே மணிக்கு 600 லிட்டருக்குக் குறையாமல் வரும். இரண்டு ராத்திரியில் தொட்டி நிரம்பிவிடும். ஆனால் நாள்கணக்கில் தேக்காதீர்கள், குளோரின் போய்விடும், மூடியும் இறுக்கமாக இருக்கணும், இங்கே டெங்கி.

துவாஸ் ஷிப்ட்

ஒத்துக்கொள்கிறேன், கோயிலுக்குத் தொட்டி போதும். பினாங்குக்குத் தொட்டி போதாது, அதை நான் விடமாட்டேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், கிராணி ஐயா அங்கே வாருங்கள்.

கோயில் கணக்கு

சரி, கமிட்டியில் இப்படி வைக்கப் போகிறேன். குழாய்த் தண்ணிக்குப் பெரிய தொட்டி, சமையலும் குடிப்பதும் அதில். டியூப்வெல்லுக்குக் காற்றோட்டத் தட்டும் மணல் ஃபில்டரும், கழுவ எல்லாம் அதில். ஆர்.ஓ. இப்போதைக்கு இல்லை. நன்கொடையாளர் பெயரைத் தொட்டியில் போட்டுவிடலாம், மெஷினைவிடப் பெரியது, தூரத்தில் இருந்தே தெரியும். மாமா, ஒரு சந்தேகம்: மணல் ஃபில்டரை எப்போது கழுவுவது, கழுவிய துருத் தண்ணியை எங்கே விடுவது?

மில் மாமா

அப்படிக் கேளுங்கள். முன்னும் பின்னும் அழுத்த மானி வையுங்கள், வித்தியாசம் அரை பாரைத் தொட்டால் திருப்பி ஓட்டிக் கழுவணும். மானியைப் பார்க்க மறந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம், பூசாரி வீட்டுப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்து மாதம் ஏதாவது கொடுங்கள், சும்மா செய்யச் சொன்னால் செய்ய மாட்டான். கழுவிய தண்ணியைக் கால்வாயில் விடாதீர்கள், சின்னக் குழி ஒன்று வெட்டி அதில் விட்டால் துரு அடியில் தங்கும், மேல் தண்ணி ஊறிப் போகும், வருஷத்துக்கு ஒருமுறை அள்ளினால் போதும். இன்னொன்று, நீங்கள் லேபுக்கு அனுப்பியது மழைக்காலத் தண்ணி. ஜனவரி பிப்ரவரி வறட்சியில், அமாவாசை பௌர்ணமி ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்து இன்னொரு போத்தல் பிடித்து அனுப்புங்கள். குளோரைடு 780இலிருந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பம்புக்கு இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று முடிவு செய்யணும்.